புலி ரூபாயும் உருகும் காசும்

அப்பா விட்டுப்போன பழைய பவுடர் டப்பாவில் ஒரு கைப்பிடிக் காசு இருந்தது. தரையில் கொட்டிப் பரப்பி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மையை எடுத்து அதன்மேல் ஓட்டினேன். ஓட்டைக் காலணா அசையவில்லை. நெளிநெளியான அலுமினியப் பத்துப் பைசா அசையவில்லை. புலி பொறித்த ஒரு ரூபாய் மட்டும் 'டக்'கென்று தாவி ஒட்டிக்கொண்டது.

1947-இல் அடித்த ரூபாய் அது. ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் புலி. அதற்கு முன்னால் ரூபாய் என்றாலே வெள்ளிதான். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றே முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைய வெள்ளி இருந்த காசை, இரண்டாம் உலகப் போர் வந்ததும் பாதி வெள்ளியாக இறக்கினார்கள். அதுவும் கட்டுப்படியாகவில்லை. போர்க் காலத்தில் அமெரிக்காவிடம் இந்தியா 22.6 கோடி அவுன்ஸ் வெள்ளியை இரவல் வாங்கியிருந்தது. அதை வெள்ளியாகவே திருப்பித் தர வேண்டும். ஆக, புழக்கத்தில் இருந்த வெள்ளிக் காசைத் திரட்டிக்கொண்டு அதன் இடத்தில் நிக்கலை இறக்கினார்கள். என் கையில் இருக்கும் ரூபாய் முழுக்க நிக்கல், வேறு கலப்பில்லை. நம் ஊர் வெப்பத்தில் காந்தத்துக்கு இழுபடும் தனிமங்கள் இரும்பு, கோபால்ட், நிக்கல் என்று மூன்றுதான். தனிம வரிசை அட்டவணையின் 28-ஆம் கட்டம், ஒரு புலியோடு, ஃபிரிட்ஜ் கதவில் தொங்குகிறது.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். அதற்குமுன் எனக்குக் காசு சேர்ப்பது என்றால் எந்த ராஜா, எந்த வருடம், எந்த ஊர் அச்சு என்பதுதான். எந்த உலோகம் என்று கேட்டுச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். தனிமங்கள் 118. பள்ளிச் சுவரில் தொங்கிய அந்த அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு காசோ பதக்கமோ கிடைக்குமா என்று தேடுகிறவர்கள் இவர்கள். நிறையக் கிடைக்கிறது. ஆனால் எனக்கு ருசி, கிடைக்காத கட்டங்களில்தான். ஒரு தனிமம் காசாக வேண்டுமென்றால் இரண்டே நிபந்தனை: அச்சு விழ வேண்டும், விழுந்தது நிற்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. பெரும்பாலான தனிமங்கள் இதில் ஏதோ ஒன்றில் தோற்றுவிடுகின்றன.

முதல் நிபந்தனையைப் பார்ப்போம். நாணயச்சாலையில் உலோகத் தகட்டிலிருந்து வட்டவட்டமாக வில்லை வெட்டுவார்கள். மேலும் கீழும் எஃகு அச்சு வைத்து, டன் கணக்கான அழுத்தத்தில் ஒரே குத்து. அந்த ஒரு நொடியில் உலோகம் உருகாமலேயே களிமண்போல் வழிந்து அச்சின் பள்ளங்களுக்குள் ஏற வேண்டும். திடப்பொருள் எப்படி வழியும்? அணுக்கள் அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கின்றன. வெற்றிலைக் கவுளியைப் பக்கவாட்டில் தள்ளினால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகுமே, அப்படி இந்த அடுக்குகள் வழுக்குகின்றன. தங்கம், வெள்ளி, செம்பு, நிக்கல், பிளாட்டினம், பல்லேடியம், அலுமினியம் இவை ஏழிலும் அணு அடுக்கு ஒரே மாதிரி: கனசதுரத்தின் மூலைகளிலும், ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் ஓர் அணு. இந்த அமைப்பில் எந்தப் பக்கம் தள்ளினாலும் வழுக்க ஒரு தளம் அகப்படும். மனிதன் காசுக்கென்று தேர்ந்தெடுத்த உலோகங்களில் இத்தனை பேர் ஒரே சாதியாக இருப்பது தற்செயல் அல்ல. தட்டானின் சுத்தியல் பல ஆயிரம் வருடம் முன்பே கண்டுபிடித்ததை எக்ஸ்-கதிர் வந்து காரணம் சொன்னது, அவ்வளவுதான்.

ஆண்டிமனி இந்தச் சாதி இல்லை. அதன் தாதுவை நாம் அஞ்சனக்கல் என்போம். கண்ணுக்கு மை தீட்டிய கல். உலோகம்போல மினுக்கும். ஆனால் சுத்தியலால் தட்டினால் அப்பளம்போல நொறுங்கும். அப்பளத்தில் யாராவது முத்திரை குத்துவார்களா? சீனாவின் குய்ச்சோ மாகாணத்தில் குத்தினார்கள். மலை நாடு, ஏழை நாடு, ஆண்டிமனிச் சுரங்கம் மட்டும் ஏராளம். 1931-இல் அங்கே ஆண்டிமனியில் 10 சென்ட் காசு வெளியிட்டார்கள். புழங்கப் புழங்க முகம் தேய்ந்தது. இன்றைக்கு அரிய பொருள். தன் மண்ணில் கிடைப்பதைக் காசாக்கிப் பார்த்த அந்த மாகாணத்தின் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். அந்த உலோகம் அதற்கு ஒத்துழைக்கவில்லை.

எதிர்க் கோடியில் பிளாட்டினம். வழியச் சொன்னால் அழகாக வழியும். ஆனால் வில்லையாக்குவதற்கு முன் உருக்க வேண்டுமே! 1,768 டிகிரி செல்சியஸ். அந்தக் காலத்து எந்த உலைக்கும் எட்டாத சூடு. தென் அமெரிக்காவில் தங்கம் அரித்த ஸ்பானியர்களுக்கு இந்த வெள்ளை மணிகள் பெரும் தொல்லை. தங்கத்தைப்போலக் கனமாக இருந்ததால் சிலர் தங்கத்தோடு சேர்த்து ஏமாற்றினார்கள். முலாம் பூசித் தங்கக் காசென்று தள்ளிவிட்டார்கள். பொறுக்க முடியாமல் அதிகாரிகள் பிளாட்டினத்தை ஆற்றில் கொட்டச் சொன்னார்கள். இன்றைக்கு நினைத்தால் வயிறு எரியும்.

1820-களில் ரஷ்யாவின் யூரல் மலை ஆற்று மணலில் இதே மணிகள் மூட்டை மூட்டையாகக் கிடைத்தன. நிதி அமைச்சர் கான்கிரினுக்கு ஓர் எண்ணம்: இதையே காசாக அடித்தால் என்ன? அறிஞர் ஹம்போல்ட்டுக்கு எழுதிக் கேட்டார். விலை நிலையில்லாத உலோகம், வேண்டாம் என்றார் ஹம்போல்ட். அமைச்சர்கள் யோசனை கேட்பது வழக்கம். கேட்டபடி நடப்பது வேறு விஷயம். உருக்க முடியாத உலோகத்தை என்ன செய்வது என்பதற்கு சொபோலெவ்ஸ்கி என்ற பொறியாளர் வழி வைத்திருந்தார். தாதுவை ராஜ திராவகத்தில் கரைத்து, பிளாட்டினத்தை மட்டும் பிரித்து, சூடாக்கிக் கடற்பஞ்சு மாதிரியான தூளாக எடுத்தார். அந்தத் தூளை அச்சில் கொட்டி, திருகு அழுத்தத்தில் இறுக்கி, வெள்ளையாகக் காயும்வரை சூடேற்றி மறுபடி இறுக்கினார். உருகாமலேயே துகள்கள் ஒன்றோடொன்று கூடிப் பிடித்துக்கொண்டன. கிட்டத்தட்டப் பொரிவிளங்காய் உருண்டை பிடிக்கிற கதை. பாகு மட்டும் கிடையாது. இன்றைக்குத் தொழிற்சாலைகள் 'பவுடர் மெட்டலர்ஜி' என்று பெயர் வைத்து இதைத்தான் செய்கின்றன.

1828-இல் முதல் காசு வந்தது, 3 ரூபிள். பிறகு 6, 12. புது அச்சுக்கு மெனக்கெடவில்லை, ஏற்கெனவே இருந்த வெள்ளிக் காசு அளவுகளிலேயே அடித்தார்கள். 3 ரூபிள் காசு பார்க்க வெள்ளி 25 கோபெக் அளவு. கையில் வாங்கினால்தான் தெரியும்: அதே அகலம், இருமடங்கு கனம். 12 ரூபிள் காசு ஒன்று 41 கிராமைத் தாண்டும். பதினேழு வருடம் ஓடியது. ஹம்போல்ட் சொன்னதுதான் கடைசியில் நடந்தது. வெளிச் சந்தையில் விலை இறங்கினால் எவனாவது மலிவாக வாங்கி அடித்து உள்ளே விடுவான் என்ற பயம். 1845-இல் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

ஆனால் கதையின் நல்ல பகுதி காசில் இல்லை, கழிவில் இருக்கிறது. பீட்டர்ஸ்பர்க் நாணயச்சாலையில் பிளாட்டினத்தைக் கரைத்தபிறகு அடியில் கரையாத வண்டல் தங்கும். யாருக்கும் வேண்டாத சரக்கு. கசான் பல்கலைக்கழகத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்த கார்ல் கிளவுஸ் அதை வாங்கிக்கொண்டுபோய்ப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். 1844-இல் அதிலிருந்து அதுவரை யாரும் தனியாக்கிக் காட்டாத ஓர் உலோகத்தை எடுத்தார். மாதிரியை ஸ்வீடனுக்கு, அன்றைய வேதியியலின் உச்ச நீதிமன்றமான பெர்சீலியஸுக்கு அனுப்பினார். "இது சுத்தமில்லாத இரிடியம்" என்று தீர்ப்பு வந்தது. கிளவுஸ் விடவில்லை, மேலும் மேலும் மாதிரி அனுப்பி ஒப்புக்கொள்ள வைத்தார். ரஷ்யாவின் பழைய லத்தீன் பெயரால் அதற்கு ருத்தேனியம் என்று பெயர். 44-ஆம் கட்டம். காசடித்த கழிவிலிருந்து ஒரு தனிமமே கிடைத்திருக்கிறது.

பல்லேடியத்தின் பிறப்பு இன்னும் வேடிக்கை. 1803-இல் லண்டனில் ஒரு கடையில் துண்டு அறிக்கை கிடந்தது: புது வெள்ளி, பெயர் பல்லேடியம், இன்னின்ன குணம், விலைக்குக் கிடைக்கும். கண்டுபிடித்தவர் பெயர் கிடையாது. இது மோசடி என்று ஷெனெவிக்ஸ் என்ற வேதியியலாளர் கொதித்தார். பிளாட்டினத்தையும் பாதரசத்தையும் கலந்து செய்த போலி என்று கட்டுரையே படித்தார். அந்தப் பெயர் சொல்லாத ஆள் பதிலுக்கு, அப்படிச் செய்து காட்டுபவருக்கு 20 பவுண்ட் பரிசு என்றார். ஒருவரும் செய்யவில்லை. 1805-இல் வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன் எழுந்து, அது நான்தான் என்றார். ராயல் சொசைட்டியின் செயலாளர்களில் ஒருவர் அவர்! பின்னாளில் அவர் கொடுத்த பணத்தில் லண்டன் நிலவியல் கழகம் வழங்கத் தொடங்கிய வொல்லாஸ்டன் பதக்கத்தை 1846 முதல் சில காலம் பல்லேடியத்திலேயே அடித்தார்கள். 1859-இல் அதை வாங்கியவர் சார்லஸ் டார்வின். பல்லேடியத்தை நாட்டுக் காசாக அடிப்பது அதற்கு வெகு நாள் கழித்துத்தான். 1967-இல் பசிபிக் தீவு நாடான டோங்கா, தன் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு அடித்ததை முன்னோடிகளில் ஒன்றாகச் சொல்வார்கள்.

என் சேகரிப்பில் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது இவை எதுவும் இல்லை. (டார்வின் பதக்கமும் கான்கிரின் ரூபிளும் எனக்கு எட்டாத உயரம்.) ஆஸ்திரியாவின் 25 யூரோ காசு ஒன்று. வெளியே வெள்ளி வளையம், நடுவே நியோபியம், 41-ஆம் கட்டம். 2003-இல் ஹால் என்ற ஊரின் 700-ஆம் ஆண்டுக்கு முதலில் வந்தது நீலம். அடுத்த வருடம் செம்மரிங் மலை ரயில்பாதைக்குப் பச்சை. பிறகு ஊதா, பழுப்பு, இளஞ்சிவப்பு என்று வருடத்துக்கு ஒரு நிறம். பார்க்கிற எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: பெயின்ட் போகாதா?

பெயின்டே கிடையாது. நியோபியம் அசலில் எஃகு மாதிரிச் சாம்பல் நிறம். அதை உப்புக் கரைசலில் நேர்மின் முனையாகத் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்தினால் மேற்பரப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கண்ணாடிபோன்ற ஒரு படலமாகும். படலத்துக்குச் சொந்த நிறம் இல்லை. ஒளியின் ஒரு பகுதி படலத்தின் மேல்முகத்தில் பட்டுத் திரும்புகிறது. மிச்சம் உள்ளே போய் அடியிலிருக்கும் உலோகத்தில் பட்டுத் திரும்புகிறது. இரண்டும் கண்ணுக்கு வருகிற வழியில் சந்திக்கும்போது சில நிறங்கள் ஒன்றையொன்று அடித்துப்போட்டுவிடுகின்றன, சில நிறங்கள் கைகோத்துக் கூடுகின்றன. மழைக்குப் பிறகு பெட்ரோல் பங்க் வாசலில் தேங்கிய தண்ணீரில் எண்ணெய் காட்டுகிற அதே வித்தை. படலம் எவ்வளவு தடிமன் என்பதை வோல்ட் தீர்மானிக்கிறது. பத்துப் பதினைந்து வோல்ட்டில் பித்தளைப் பழுப்பு. முப்பதுக்குப் பக்கத்தில் நீலம். ஐம்பது அறுபதில் மஞ்சளும் இளஞ்சிவப்பும். இன்னும் ஏற்றினால் பச்சை. ஒரு வோல்ட் கூட்டினால் இரண்டு நானோமீட்டருக்குச் சற்று மேல் படலம் தடிக்கும். சாயக்காரனுக்கு அண்டா, இவர்களுக்குத் திருகு குமிழ்.

ஒரு தடவை கை உறை போடாமல் தொட்டுவிட்டேன். நீலத்தின் நடுவே என் பெருவிரல் ரேகை வேறொரு நிறத்தில் பளிச்சென்று எழுந்தது. விரலிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கும் ஒரு படலம்தானே, ஒளிக்கு அது கூடுதல் தடிமன். மென்துணியில் சாராயம் தொட்டு ஒற்றி எடுத்ததும் ரேகை போய் நீலம் திரும்பியது. அந்த இரண்டு நிமிடம் எனக்கு உயிர் போய் வந்தது.

இந்தக் காசை அடிக்கிற வியன்னாவிலேயே, கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்னொரு பதக்கம் இருக்கிறது. 7 கிலோவுக்கு மேல் எடை. 1677-இல் வென்செல் சைலர் என்ற துறவி பேரரசர் முதலாம் லெயோபோல்ட் முன்னிலையில் வெள்ளிப் பதக்கத்தைத் திராவகத்தில் முக்கித் தங்கமாக்கிக் காட்டினாராம். பிற்காலத்துச் சோதனையில் அது தங்கம், வெள்ளி, செம்பு கலந்த உலோகம் என்று தெரிந்தது. நைட்ரிக் அமிலம் மேற்பரப்பிலிருக்கும் வெள்ளியையும் செம்பையும் அரித்துக்கொண்டு போய்விடும், தங்கம் மட்டும் மேலே தங்கிப் பளபளக்கும். பதக்கத்தின் மேல் பகுதி மட்டும் இன்றும் வெள்ளி நிறம், முக்காத இடம். மேற்பரப்பை மட்டும் மாற்றிப் பார்ப்பவரை ஏமாற்றுவது சைலர் வழி. மேற்பரப்பை மட்டும் மாற்றி, மாற்றியதைச் சொல்லியே விற்பது இன்றைய நாணயச்சாலை வழி.

டைட்டானியமும் நியோபியம் மாதிரியே நிறம் கொடுக்கும், ஆனால் குத்துவதற்கு முரண்டு. அதன் அணு அடுக்கில் வழுக்கும் தளங்கள் குறைவு, போதாததற்கு எஃகு அச்சில் ஒட்டிப் பிய்த்துக்கொண்டு வரும். 2000-ஆம் ஆண்டையொட்டித்தான் ஜிப்ரால்டர் பெயரிலும் ஆஸ்திரியாவிலும் டைட்டானியக் காசு வந்தது. நியோபியத்தின் அட்டவணைப் பக்கத்து வீட்டுக்காரரான டான்டலத்தை வெள்ளி வளையத்துக்குள் வைத்துக் கசகஸ்தான் 500 டெங்கே காசு அடித்தது, விண்வெளிப் பயண வரிசையாக. டான்டலம் பதப்படுத்தும் பெரிய ஆலை அவர்கள் நாட்டிலேயே இருக்கிறது. குய்ச்சோ மாகாணத்தின் அதே ஆசை, இந்த முறை பலித்தது.

இப்போது இரண்டாம் நிபந்தனை: விழுந்தது நிற்க வேண்டும். 1907-லும் 1908-லும் ஆப்பிரிக்கக் குடியேற்றங்களுக்காக பிரிட்டன் அலுமினியத்தில் சில்லறை அடித்தது. ஐம்பது வருடம் முன்பு வெள்ளியைவிட விலையாக இருந்த உலோகம். மின்பகுப்பு முறை வந்து மலிந்துவிட்ட புதுசு. வெப்பமண்டல ஈரத்திலும் உப்பிலும் காசு அரித்துப் போனது. உடனே நிக்கல்-செம்புக் கலப்புக்கு மாறினார்கள். பிறகு கலவையைச் சீராக்கி, 1960-களின் நடுவில் இந்தியா அதே அலுமினியத்தை எடுத்துக்கொண்டது. 3 பைசா ஆறு மூலை, 5 பைசா சதுரம், முக்கால் கிராம்கூடத் தாண்டாத 1 பைசா. மிதக்கும் என்று பந்தயம் கட்டித் தண்ணீரில் போட்டுப் பார்க்காத பையன் எங்கள் தெருவில் இல்லை. பதமாகப் படுக்க வைத்தால் மிதக்கவும் செய்தது, நீரின் மேல்தோல் தாங்குகிற வரை.

மக்னீசியக் காசு ஒன்று உண்டு. அதைச் சேகரிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போலந்தின் வூட்ச் நகரில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த பகுதிக்குள் மட்டும் செல்லும் மார்க் காசு. உள்ளே வந்தவர்களின் உண்மையான பணத்தைப் பிடுங்கிக்கொண்டு, வெளியே எதற்கும் உதவாத இதைக் கொடுத்தார்கள். 1943-ஆம் ஆண்டு பொறித்த 10 மார்க்கில் அலுமினியமும் உண்டு, மக்னீசியமும் உண்டு. பார்த்துப் பிரிப்பது கடினம், எடை போட்டால் மக்னீசியம் மூன்றில் ஒரு பங்கு குறையும். அது காற்று ஈரத்தையே தாங்காத உலோகம். மிஞ்சியவற்றில் பெரும்பாலானவை புள்ளி புள்ளியாகப் பொரிந்திருக்கின்றன. 1944 ஆகஸ்ட்டில் அந்த அடைப்பைக் காலி செய்து, மிஞ்சியிருந்தவர்களை ஆஷ்விட்சுக்கு ரயிலேற்றினார்கள்.

எடை என்றதும் சொல்ல வேண்டும். உலோகத்தை உறுதிசெய்ய ஆய்வகம் தேவையில்லை. நகைக்கடை மாதிரிச் சின்ன எலெக்ட்ரானிக் தராசு, ஒரு தம்ளர் தண்ணீர், தையல் நூல் போதும். தண்ணீர்த் தம்ளரைத் தராசில் வைத்து எடையைச் சுழியாக்கிவிட்டு, காசை நூலில் கட்டித் தண்ணீருக்குள் அடியில் படாமல் தொங்கவிடுங்கள். தராசு காட்டுவது, காசு தள்ளிய தண்ணீரின் எடை. 1950-க்குப் பிந்திய 10 கிராம் நிக்கல் ரூபாய் எனக்கு 1.12 காட்டியது. வகுத்தால் 8.9, நிக்கலோடு பொருந்துகிறது. அதே சோதனையில் டான்டலம் 16.6 வரும், பிளாட்டினம் 21-ஐத் தாண்டும். அடர்த்தி நெருங்கிய உலோகங்களில் மட்டும் இது கைவிடும்: டங்ஸ்டன் 19.25, தங்கம் 19.3. கள்ளத் தங்கக் கட்டிக்குள் டங்ஸ்டன் ஒளிந்திருப்பது இந்தப் பொருத்தத்தால்தான்.

அரசுகள் தொடாத கட்டங்களைத் தனியார் நிரப்புகிறார்கள். ஹாஃப்னியம், ரீனியம், இண்டியம் என்று தனிமத்தின் குறியீடும் அணு எண்ணும் பொறித்த வில்லைகள் விலைக்கு வருகின்றன. இண்டியத்தில் நகத்தாலேயே கீறலாம். வளைத்தால் கிறீச்சென்று முனகும். என் நண்பர் ஒருவர் இப்படி ஒவ்வொன்றாக வாங்கி நாற்பதுக்கு மேல் சேர்த்துவிட்டார். அவர் செல்லம் காலியம். 31-ஆம் கட்டம், வெள்ளிபோல மின்னும் வில்லை, பிளாஸ்டிக் கூட்டுக்குள் மூடி வைத்தது. உருகுநிலை 29.76 டிகிரி. ஐரோப்பாவில் அலமாரியில் வைக்கலாம். சென்னையில் மார்ச்சு பிறந்தால் அதற்கு ஃபிரிட்ஜ்தான் கதி. இட்லி மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

போன கோடையில் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தார். கரன்ட் போய் ஒரு நாள் முழுக்க வரவில்லை. திரும்பி வந்து திறந்தால் மாவு பொங்கி வழிந்திருந்தது. கூட்டுக்குள் காசு இல்லை, பாதரசம்போல ஒரு துளிக் குளம். மறுபடி ஃபிரிட்ஜில் வைத்தும் இறுகவில்லை. உருகிய காலியம் உறைநிலைக்குக் கீழேயும் திரவமாகவே அடம்பிடிக்கும், ஒரு துகள் திடக் காலியம் பட்டால் உடனே உறையத் தொடங்கும். வேறொரு துணுக்கை ஊசி முனையில் எடுத்துத் தொட்டார். தொட்ட இடத்திலிருந்து கீற்றுக் கீற்றாகப் படிகம் ஓடிக் குளம் மூடியது. பனிக்கட்டியைப்போலவே காலியமும் உறையும்போது விரியும். நடுவில் சின்ன மேடு தட்டியது. குறியீடும் இல்லை, எண்ணும் இல்லை.

"பேர்லயே காலின்னு எழுதி வெச்சிருக்கான், நான்தான் படிக்கல" என்றார். அதைத் தூக்கிப் போடவில்லை. அப்படியே மாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.